ஜெயசீலி: பிழைச் செய்தியை முழுதாக வாசித்தவர்

செய்தி காலையில் கைப்பேசிக் குழு ஒன்றில் வந்தது. ‘நம்ம ஜெயசீலி அக்கா காலமாயிட்டாங்க’ என்று ஒரே வரி. கீழே கைகூப்பும் படங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. மரணச் செய்திகளை எழுதியே முடி நரைத்தவன் நான். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது, இன்னொருவரிடமும் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. அன்றைக்கும் அதன்படி அவருடைய கடை எண்ணை அழைத்தேன். இரண்டாவது ஆள் மறுத்துச் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையில் அழைத்தேன் என்பதே சரி. அவருடைய கணவர் ஞானப்பிரகாசம் எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள், “ஆமாண்ணே. விடியக்காலைல. நாளைக்கு ஆவூர்ல அடக்கம். வந்துருங்க” என்றார். உறுதியாகிவிட்டது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஒரு நாளாவது அவரை அழைத்து, “மேடம், ஓப்பன் ஆக மாட்டேங்குது” என்று சொல்லியிருப்பீர்கள். உடனே அவர் என்ன கேட்டிருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையிலும் சுற்றிலும் கணினி வைத்திருந்த பள்ளிகள், மருந்துக் கடைகள், சங்கங்கள் பலவற்றுக்கு அவர்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததோடு விடாமல், அது மக்கர் செய்யும் போதெல்லாம் திட்டிக்கொண்டே சரிசெய்தும் கொடுத்தார்.

எங்கள் நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்குத்தான் அவர் முதலில் வந்தார். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது இளையவர். ஆவூரில் ஆசிரியர் வீட்டுப் பெண். தினமும் பேருந்தில் வந்து போவார். வந்த புதிதில் ஒரு நாள், விளம்பரம் பதிவு செய்கிற புரோகிராம் திறக்கவில்லை. மேலாளர் தலையில் கை வைத்து, “வைரஸ் வந்துருச்சு. அத்தனையும் அழிச்சுட்டுப் போயிருச்சு” என்றார். நாங்களும் சேர்ந்து ‘வைரஸ், வைரஸ்’ என்றோம். ஜெயசீலி தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து மேலாளருக்குப் பின்னால் நின்றார். திரையில் இருந்த ஆங்கில வாக்கியத்தை உரக்க, நிறுத்தி, ஒரு சொல் விடாமல் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவூர்க் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரல் அது; அலுவலகமே அமைதியாகிவிட்டது. வாசித்து முடித்துவிட்டுத் திரும்பி, “இதுல எங்க சார் வைரஸ்னு போட்டுருக்கு? டிரைவர் கெடைக்கலன்னுதானே போட்டுருக்கு” என்றார்.

அன்றைக்கு எங்களுக்கு அவர் சொன்ன விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர், முகவரி, கணக்கு எல்லாம் அடுக்கி வைக்கப்பட்ட இடம் தரவுத்தளம். நாம் திரையில் பார்க்கிற புரோகிராமுக்கு அந்த இடத்தோடு நேரே பேசத் தெரியாது. நடுவில் ஒரு சிறு மென்பொருள் இருந்து, இங்கே கேட்டதை அங்கே சொல்லி, அங்கே கிடைத்ததை இங்கே கொண்டுவந்து தரும். அந்தத் தொழிலில் அதை டிரைவர் என்பார்கள். புதிய கணினிக்கு மாறுகிறவர்கள் புரோகிராம் இருக்கிற போல்டரை மட்டும் நகல் எடுத்து ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். டிரைவர் பழைய கணினியிலேயே தங்கிவிடும். தகவல் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். போய்க் கேட்டு வர ஆள் இருக்காது. அவ்வளவுதான். அன்று டிரைவரைப் போட்டதும் விளம்பரங்கள் எல்லாம் திரும்ப வந்தன. மேலாளர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

பக்கம் தயாரிக்கும் வேலை திருச்சிக்குப் போய்விட்ட பிறகு, ஜெயசீலி வடக்கு ராஜ வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டார். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆளைவிடச் சத்தமாக மூச்சுவிடுகிற ஒரு பழைய மின்விசிறி. மதிய வேளைகளில் செய்தி ஏதும் இல்லாதபோது நான் போய் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். தேநீர் வரும். தகர டப்பாவில் வறுத்த கடலை இருக்கும். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு, கடலைத் தோலை ஊதிக்கொண்டே அவர் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

“மேடம், டேட்டா எல்லாம் போச்சு.”

“யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்தான்.”

“அது சொன்னத அப்படியே வாசிங்க.”

“இங்கிலீஷ்ல இருக்கே மேடம்.”

“எழுத்துக்கூட்டி வாசிங்க. நான் எங்கிட்டும் போகல, இங்கதான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் எழுத்துக்கூட்டும் சத்தம் கேட்கும். பாதியில் நின்றால், “முழுசா வாசிங்கண்ணே. பாதி வாசிச்சா அது கம்ப்யூட்டர் சொன்னது இல்ல, நீங்க சொன்னது” என்பார். ஒரு முறை நான் சும்மா இருக்காமல், “நெட்டுப் பிரச்சினையா இருக்கும்” என்று நடுவில் சொல்லிவைத்தேன். கைப்பேசியைக் கையால் மூடிக்கொண்டு, “அண்ணே, நீங்க ரிப்போர்ட்டரா, ஜோசியரா? கம்முன்னு டீயக் குடிங்க” என்றார். அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது கேட்டுவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பாதிப் பதற்றம் போய்விட்டது.

தான் சறுக்கிய கதையையும் அவரே எல்லோரிடமும் சொல்வார். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளி. புதிய கணினி வாங்கியிருக்கிறார்கள். மதிப்பெண் புரோகிராம் திறக்கவில்லை. டிரைவர் கிடைக்கவில்லை என்கிறது. இவர் போய் டிரைவரைப் போட்டார். மறுபடியும் அதே செய்தி. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அதே செய்தி. தலைமையாசிரியை சாப்பாடு வரவழைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் போட்டார். அதே செய்தி. மாலையில்தான் புரிந்தது: புதிய கணினிகளில் டிரைவர்களை வைக்க இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. பழைய வகைப் புரோகிராம்கள் ஓர் இடத்தில் மட்டும் தேடும். புதிய வகை இன்னோர் இடத்தில் தேடும். பள்ளியின் புரோகிராம் பழைய வகை. இவர் போட்ட டிரைவர் புதிய வகை. “கோயிலுக்கு வடக்கு வாசல்ல செருப்ப விட்டுட்டு, தெக்கு வாசல்ல நின்னு காணோம் காணோம்னு கத்துனேண்ணே” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்த மெசேஜு பொய் சொல்லல. கெடைக்கலன்னுதான் சொல்லுச்சு. இல்லன்னு நாந்தான் படிச்சுக்கிட்டேன்” என்றார்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்கு மட்டுமே தெரியும். அதையும் அரைகுறையாகவே கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கரை ஊர். அங்கே விசைப்படகு வைத்திருப்பவர்கள் சங்கத்துக்கு ஜெயசீலி ஒரு புரோகிராம் செய்து கொடுத்திருந்தார். கடலுக்குப் போகும் முன் ஒவ்வொரு படகிலும் யார் யார் ஏறுகிறார்கள் என்று சங்க அலுவலகத்தில் சொல்ல வேண்டும். எழுத்தர் நாகூர் கனி அதைக் கணினியில் ஏற்றிவிடுவார். பெயர்கள் எல்லாம் வெளியூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் போய்ச் சேர்ந்துவிடும். உப்புக் காற்றில் கணினிகள் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் ஜெயசீலி செய்த ஏற்பாடு அது.

சில ஆண்டுகளுக்கு முன், காற்று திடீரென்று மாறிய ஒரு நாள், போன படகுகளில் ஒன்று திரும்பவில்லை. மறுநாள் காலை நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்க ஆட்கள். படகின் உரிமையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். படகு கிளம்பிய நாளில் அவர் ஊரில் இல்லை. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். “அஞ்சு பேரு சார். எல்லாம் வழக்கமா போற நம்ம ஆளுங்கதான்” என்று பெயர்களை மனப்பாடமாகச் சொன்னார். அந்த ஐந்து பேருடைய குடும்பங்களும் வலைக்கூடத்தின் நிழலில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. காவலர்கள் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் குடும்பங்களோடு சேராமல், ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரமாக ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். பெயர் பஞ்சவர்ணம். ஆவுடையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் இல்லை. வயல் வேலையும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சிலர் கரைக்கு வந்து, எந்தப் படகில் ஆள் குறைகிறதோ அதில் ஏறிப் போவார்கள். அவருடைய கணவர் கருப்பையாவும் அப்படி வந்தவர். வருவதற்கு முன் வீட்டில் பெரிய சண்டை. முன்பும் ஒரு முறை இப்படிச் சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் திருப்பூர் போய்ப் பல மாதம் இருந்தவர். படகு கிளம்பிய அன்று காலை போன் செய்து, “போட்டுல ஏறப் போறேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். யார் படகு என்று சொல்லவில்லை. திரும்பி வந்த படகுகளில் அவர் இல்லை.

துணைக்கு வந்திருந்த கணவரின் அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னார்: “அவன் கடலுக்கெல்லாம் போயிருக்க மாட்டான். திருப்பூருக்குத்தான் மறுபடி ஓடியிருப்பான். இந்தப் புள்ள வாயி அப்படி.”

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். கணவர் காணாமல்போன படகில் ஏறியிருக்க வேண்டும். அல்லது அவரை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். முதலாவது என்றால் உயிர் நிச்சயமில்லை. இரண்டாவது என்றால் உயிரோடு இருக்கிறார், ஆனால் இவரோடு இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாத ஒரு முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாகூர் கனிக்கு ஞாபகம் இல்லை. “அவ்வளவு போட்டும் ஒரே நேரத்துல கிளம்புது. நான் கம்ப்யூட்டரப் பாப்பனா, ஆளு மூஞ்சியப் பாப்பனா?” என்றார். கணினியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முதல்நாள் மின்சாரம் வந்து போனதில் அலுவலகக் கணினி செத்துப்போயிருந்தது. கனி தன் மருமகனின் மடிக்கணினியை எடுத்து வந்து, பென் டிரைவில் இருந்த போல்டரை அதில் ஒட்டி, துபாயில் இருக்கிற மருமகன் போனில் சொல்லச் சொல்ல ஒரு டிரைவரையும் போட்டிருந்தார். புரோகிராம் திறக்கவில்லை. பிழைச் செய்தி வந்து நின்றது. “போச்சு சார், எல்லாப் பேரும் போச்சு. ஓனர் சொன்ன அஞ்சு பேர எழுதிக் குடுத்துருவோம்” என்று தாளை எடுத்தார்.

நான் ஜெயசீலியை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது. பின்னால் யாரோ எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் வெளியூர்ல இருக்கேண்ணே. கையில போனத் தவிர ஒண்ணும் இல்ல. கடையும் பூட்டிக் கெடக்கு. கனி அண்ணன்கிட்ட குடுங்க.”

கனி வாங்கி ஒலிபெருக்கியில் போட்டு, “ஏம்மா, எல்லாம் அழிஞ்சிருச்சு” என்று தொடங்கினார்.

“அழிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கா?”

“டிரைவர் பத்தி என்னமோ எழுதியிருக்கு. அதான் போட்டாச்சே. போட்டும் அதையேதான் சொல்லுது.”

“அதையேதான் சொல்லுதா, வேறயா சொல்லுதா? வாசிங்க.”

வாசலில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு கத்தினார்கள். கனி ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசித்தார். “த ஸ்பெசிபைடு டி எஸ் என் கன்டெய்ன்ஸ் ஆன்... அப்புறம் நீளமா ஒரு வார்த்த. வாயில நுழையல.”

“நுழைய வேணாம். எழுத்து எழுத்தாச் சொல்லுங்க.”

“ஏ... ஆர்... சி... எச்...”

“போதும், தெரிஞ்சுருச்சு. காலைல இருந்தது வேற மெசேஜு, இப்ப இருக்கறது வேற மெசேஜு. இப்ப டிரைவர் இருக்கு. ஆனா ஒங்க புரோகிராமுக்குச் சேராத டிரைவர். புரோகிராம் பழைய வகை, முப்பத்திரெண்டு. மாப்ள போட்டது புது வகை, அறுபத்திநாலு. அத எடுக்க வேணாம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும். முப்பத்திரெண்ட எறக்குங்க.”

பேச்சைக் கனியின் கைப்பேசிக்கு மாற்றிவிட்டு, இணையத்துக்கு என் கைப்பேசியைக் கொடுத்தேன். சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. நான் அதை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனியின் கைப்பேசியில், ஒலிபெருக்கியில், ஜெயசீலி பேசிக்கொண்டே இருந்தார். எதை அழுத்துவது, எங்கே போய்ப் பெயர் கொடுப்பது, புரோகிராம் எந்தப் பெயரைத் தேடுமோ அதே பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் அடிப்பது. “அவசரப்படாதீங்க கனி அண்ணே. தப்பா அடிச்சா மறுபடி அடிக்கலாம். ஒண்ணும் வெடிக்காது.” இடையில் அந்தப் பக்கம் ஓர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் கைப்பேசியை விலக்கிக்கொண்டு, “என்னைய அப்புறம் கூப்புடுங்க சிஸ்டர். அடுத்தவங்கள மொதல்ல அனுப்புங்க” என்று யாரிடமோ சொன்னது கேட்டது. ஏதோ கன்னியர் நடத்தும் பள்ளியில் வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புரோகிராம் திறந்தது. கனி படகின் எண்ணை அடித்தார். திரையில் ஐந்து பெயர்கள் வந்தன. அவர் வாசிக்க வாசிக்க உரிமையாளர் தலையாட்டினார். ஐந்தாவது பெயர் முடிந்ததும், “அதான் சொன்னேனே, அஞ்சு பேருதான்” என்றார்.

நான் ஜன்னல் அருகில் நின்றதால் பஞ்சவர்ணத்தின் முகம் எனக்குத் தெரிந்தது. கடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டார். தோள்கள் இறங்கின. ‘ஓடிட்டாகன்னே இருக்கட்டும், உசுரோட இருக்காக’ என்று அந்த முகம் சொன்னது. கணவரின் அண்ணன், “நாந்தான் சொன்னேன்ல” என்றார். அதைக்கூட அவர் கோபமில்லாமல் கேட்டுக்கொண்டார்.

அப்போது கனியின் கைப்பேசியிலிருந்து ஜெயசீலியின் குரல் வந்தது. “கனி அண்ணே, மூடிடாதீங்க. இந்த லேப்டாப்புத் திரை சின்னது. அஞ்சு வரிதான் தெரியும். கீழ இழுத்துப் பாருங்க.”

கனி இழுத்தார். ஆறாவது வரி இருந்தது. கருப்பையா, ஆவுடையார்கோவில், வெளியாள்.

கனி அதை உரக்க வாசிக்கவில்லை. திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியிலேயே பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வாசிங்கய்யா” என்றார். கனி வாசித்தார். “இன்னொருக்கா வாசிங்க.” கனி மறுபடியும் வாசித்தார். பஞ்சவர்ணம் கணவரின் அண்ணன் பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டீங்களா? அவுக ஓடல” என்றார். அதற்குப் பிறகுதான் கீழே உட்கார்ந்தார். வலைக்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் நடுவில் இருத்திக்கொண்டார்கள்.

நாங்கள் ஆறு பேர் என்று செய்தி போட்டோம். சங்கம் ஆறு பேர் என்று எழுதிக் கொடுத்தது. படகின் பலகைகள் சில கிடைத்தன. ஆறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

அடுத்த முறை கடைக்குப் போனபோது இதையெல்லாம் ஜெயசீலியிடம் சொன்னேன். நான் பார்த்ததை விடாமல் சொல்லிப் பழகியவன். அந்த முகத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கடலை டப்பாவை மூடினார்.

“அப்ப அந்தப் புள்ள கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அத நான் எடுத்துட்டேன்ல?”

“ஒன் வேலையத்தானே செஞ்ச. பேரு இருந்துச்சு, காட்டுன.”

“வேல சரிதான்ணே. அதுக்கில்ல.” டப்பாவை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். “அந்தப் பக்கம் போனீங்கன்னா அதுகிட்டக் கேளுங்க. தெரியாமலே இருந்திருந்தா தேவலையான்னு.”

“அத எப்படிம்மா போயிக் கேக்குறது?”

“கேள்வி கேக்கத்தானே ஒங்களுக்குச் சம்பளம்” என்று சிரித்தார். கேலி எப்போதும்போல் இருந்தது. கண்ணில் கேலி இல்லை.

நான் ஒரு முறை அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதை வந்து சொன்னேன். ஜெயசீலி தலையசைத்தார். அதன் பிறகு நான் ஆவுடையார்கோவில் பக்கம் போய்வந்ததாகச் சொல்லும் போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் மறுபடியும் விசைப்பலகைக்குத் திரும்பிவிடுவார். வாய்விட்டு ஒரு முறையும் திரும்பக் கேட்கவில்லை.

கடைசி மாதங்களில் கடையை மூடிவிட்டு ஆவூரிலேயே இருந்தார். ஒரு மதியம் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடி இல்லை, துண்டு கட்டியிருந்தார். கைப்பேசி அடித்தது. ஞானப்பிரகாசம் அதை அணைக்கப் போனார். “குடுங்க, யாருன்னு கேப்போம்” என்று ஜெயசீலி வாங்கினார். யாரோ மருந்துக் கடைக்காரர். புதிய கணினி, டிரைவர் இல்லை. “முழுசா வாசிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குரலில் பாட்டு மாதிரி ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அன்றைக்கு அது மெலிந்து, ஆனால் அப்படியே இருந்தது. பத்து நிமிடத்தில் கடைக்காரருக்குத் திறந்துவிட்டது. எனக்கு அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போல் இருந்தது. “நேரமாச்சு, பஸ்ஸு போயிரும், கெளம்புங்க” என்று அவர்தான் விரட்டினார்.

அடக்கத்தன்று ஆவூர்க் கோயில் நிறைந்திருந்தது. பூசை முடிந்து பெட்டியைத் தூக்குவதற்கு முன் ஞானப்பிரகாசம் என் பக்கத்தில் வந்து நின்றார். கடல் விஷயத்தைப் பற்றி ஜெயசீலி வீட்டில் பேசியிருக்கிறாரா என்று கேட்டேன். “அன்னைக்குத் தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரியில இருந்தா. கேன்சருக்கு மொத ஊசி அன்னைக்குத்தான். கூப்பிட்ட நேரத்துக்குப் போகாம வராண்டாவுல நின்னு போன்ல பேசிக்கிட்டே இருக்கா. எனக்குக் கோவம்னா கோவம்” என்றார். ஜெயசீலி அன்று யாரை சிஸ்டர் என்று அழைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கல்லறைத் தோட்டத்தில் நாகூர் கனியைப் பார்த்தேன். பக்கத்தில் பஞ்சவர்ணம் நின்றிருந்தார். கனி போன் செய்து சொல்லியிருக்கிறார். இருவரும் பேருந்து மாறி மாறி வந்திருக்கிறார்கள். பெட்டியை மூடும் முன் பஞ்சவர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஜெயசீலியின் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, “இந்த மொகம்னு தெரியாதுங்க. கொரல மட்டுந்தான் கேட்டேன்” என்றார்.

அவரிடம் நான் கேட்டேன். ஜெயசீலி கேட்கச் சொன்ன அதே வார்த்தைகளில், தெரியாமலே இருந்திருந்தால் தேவலையா என்று கேட்டேன்.

பஞ்சவர்ணம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “அன்னைக்கு அந்த அம்மாவத் திட்டுனேங்க. மனசுக்குள்ளதான். எதுக்கு இழுக்கச் சொன்னாகன்னு. அப்புறம் பாத்தா... தெரியாம இருந்திருந்தா, பஸ்ஸுல போற வார ஆம்பளைக மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். எம் மக, எங்கப்பா எங்கன்னு கேட்டா, ஒங்கம்மா வாயிக்குப் பயந்து ஓடிட்டாகன்னு ஊரு சொல்லியிருக்கும். இப்ப அது கடலப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுது. அது போதுங்க.” பிறகு, “அவுகளுக்கு இது தெரியுமா?” என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார்.

மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என் கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. ‘ஜெயசீலி கடை’ என்ற எண்வரை விரல் போய்விட்டது. சொல்ல வேண்டிய செய்தி தயாராக, யார் சொன்னது, எப்படிச் சொன்னார் என்பதோடு சேர்த்து, ஒரு சொல் விடாமல் மனதில் இருந்தது. அழைத்தால் ஞானப்பிரகாசம்தான் எடுப்பார். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கேள்வி. அதற்கு ஒரு நாள் பிந்திக் கிடைத்த பதில்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடம் சேர்க்க முடியாததால், அவரை அறிந்த உங்களிடம் முழுதாக வாசித்துவிட்டேன்.